பில் இருந்தால் பட்டறைக்கல் ஆகிவிடுமா?

சண்டை போடுவதற்காகவே எழுதும் பதிவு இது. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கொல்லுப்பட்டறை வைத்திருக்கும் ஒருவர் பட்டறைக்கல் வாங்கக் கடன் கேட்டு வந்தால், "புதுசா வாங்குங்க, பில்லோட வாங்குங்க" என்று சொல்லும் வங்கி அதிகாரி அவருக்கு நல்லது செய்யவில்லை. பல சமயம் கெடுதல்தான் செய்கிறார். நானும் வங்கி அதிகாரிதான், இருபது வருஷத்துக்கு மேல் இதே பிழைப்பு. ஆக, இன்றைக்கு நான் திட்டப் போவது என் சொந்த ஜாதியை, அதாவது ஃபைல் தூக்கும் ஜாதியை. அவர்களை முடித்துவிட்டு, "பழசு எல்லாமே பொக்கிஷம் சார்" என்று உருகும் இன்னொரு கோஷ்டிக்கும் வருகிறேன். அவர்களும் கொஞ்சம் பொறுமையாக இருக்கட்டும்.

பட்டறைக்கல்லுக்கும் பாங்க்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இப்போது எனக்கு போஸ்டிங் ராஜஸ்தானில், அஜ்மீர் பக்கம். வடக்கே குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் எல்லாருமே இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். நெடுஞ்சாலை ஓரம், பித்தளை ஆணி பதித்த மரவண்டி, பக்கத்தில் தார்ப்பாய்க் கூடாரம், தரையில் சின்ன உலை. ஆண் குறட்டால் பழுத்த இரும்பைப் பிடித்துக்கொண்டிருப்பார், எதிரே நின்று சம்மட்டியை ஓங்கி அடிப்பது அவர் மனைவி. காடியா லோஹார்கள். 1568-இல் சித்தூர்க் கோட்டை அக்பர் கையில் விழுந்த பிறகு, அது திரும்பக் கிடைக்கும்வரை வீடு கட்டிக் குடியிருக்க மாட்டோம் என்று சபதம் எடுத்துக் கிளம்பியவர்களின் வம்சம் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. 1955-இல் நேருவே அவர்களைச் சித்தூர்க் கோட்டைக்குள் அழைத்துப்போய், சபதம் முடிந்தது என்று சொன்னார். சபதம் முடிந்தது, ஆனால் பெரும்பாலானவர்களுக்கு வீடு மட்டும் இன்னும் வரவில்லை. நம் வீட்டு இடுக்கி, கரண்டி, இரும்புத் தவா எல்லாம் இவர்களிடம் பேரம் பேசி வாங்கியதுதானே?

இவர்களும் ஊருக்குள் நிலையாகப் பட்டறை போட்டிருக்கும் லோஹார்களும்தான் கடனுக்கு வருகிறவர்கள். 2023 செப்டம்பர் 17 அன்று மத்திய அரசு பிஎம் விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. 18 கைத்தொழில்களில் கொல்லர் தொழிலும் ஒன்று. கருவி வாங்க 15,000 ரூபாய்க்கு மின்சீட்டு. முதல் தவணையாக ஒரு லட்சம் வரை கடன், 18 மாதத்தில் கட்ட வேண்டும். அதை ஒழுங்காகக் கட்டினால் அடுத்து இரண்டு லட்சம் வரை, 30 மாதம். தொழிலாளி தருவது 5 சதவீத வட்டி, மேலே 8 சதவீதத்தை அரசு ஏற்கிறது. ஈடு, ஜாமீன் எதுவும் கிடையாது. காகிதத்தில் பார்த்தால் அருமையான திட்டம், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. வம்பு எங்கே ஆரம்பிக்கிறது என்றால், அந்தப் பணத்தில் என்ன வாங்குவது என்ற இடத்தில்.

ஒரு லோஹார் வந்தார். அவர் கேட்டது புதுக் கல் இல்லை. பக்கத்து ஊர் பழைய இரும்புக் கடையில் ஒரு கல் கிடக்கிறதாம், வெள்ளைக்காரன் காலத்துக் கல், எண்பது கிலோ இருக்கும், அது வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அவருக்குக் கிடைத்த பதில்: கொட்டேஷன் எங்கே? ஜிஎஸ்டி பில் தருவாரா? செகண்ட் ஹேண்ட் என்றால் வேல்யுவேஷன் சர்ட்டிஃபிகேட் எங்கே? எதுவும் இல்லாததால், டவுனில் இருக்கும் கருவிக் கடையிலிருந்து ஒரு கொட்டேஷனை அவர்களே வரவழைத்து, பளபளவென்று பச்சைப் பெயிண்ட் அடித்த புதுக் கல்லுக்குச் சாங்ஷன் போட்டுக் கொடுத்தார்கள். ஃபைல் சுத்தம், ஆடிட்டருக்குச் சந்தோஷம்.

கல்? ஒரே பருவத்தில் அதன் ஓரம் பொரிந்து விழ ஆரம்பித்துவிட்டது. தவணை மட்டும் பொரியவில்லை.

கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனவனைப் பற்றி நம் ஊரில் பழமொழி உண்டு. நாங்கள் அதற்கும் ஒரு படி மேலே. கொல்லனுக்கே பட்டறைக்கல் எது நல்லது என்று வகுப்பெடுக்கிறோம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பட்டறைக்கல் என்றால் என்ன? பெயரில்தான் கல், ஆனால் இரும்பு. பட்டடை, அடைகல் என்றும் சொல்வார்கள். இங்கே ஹிந்தியில் நிஹாய், மராட்டியில் ஐரண். வள்ளுவர் 'கூடா நட்பு' அதிகாரத்தைத் தொடங்குவதே பட்டடையை வைத்துத்தான், 821-ஆம் குறள். தாங்குவதுபோல் தாங்கி, சமயம் வாய்த்தால் வெட்டுப்பட வைக்கும் நண்பனுக்கு அதை உவமையாக்கினார். அந்தக் குறளை நான் இந்த மலிவுக் கற்களின் மேல்தான் எழுதி ஒட்டுவேன்.

பட்டறைக்கல்லின் வேலை வெறுமனே கீழே கிடப்பது என்று நினைத்தால் தப்பு. மேலிருந்து சம்மட்டி அடிக்கிறது, கீழிருந்து கல் திருப்பி அடிக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட இரும்புக்கு இரண்டு பக்கமும் அடி. கல்லின் முகம் கெட்டியாக இருந்தால்தான் அது திருப்பி அடிக்கும். அடித்த சம்மட்டியும் தானாகவே துள்ளி மேலே வரும், தூக்குகிற கைக்குப் பாதி வேலை மிச்சம். முகம் மெத்தென்று இருந்தால் அடியின் சக்தியைக் கல்லே விழுங்கிவிடும். சம்மட்டி செத்துப்போய் அங்கேயே உட்காரும், ஒவ்வொரு தடவையும் முழு எடையையும் கையால்தான் தூக்க வேண்டும்.

மலிவுப் புதுக் கற்கள் பெரும்பாலும் சாதாரண வார்ப்பிரும்பு. உருக்கி அச்சில் ஊற்றி எடுத்தது. அதில் 2 முதல் 4 சதவீதம் கார்பன் இருக்கும், அது உள்ளே கிராஃபைட் செதில்களாகப் படிந்திருக்கும். அந்தச் செதில்கள் அதிர்வை உறிஞ்சிவிடும். லேத் மெஷினின் அடிப்படுக்கையை வார்ப்பிரும்பில் செய்வதே இதற்காகத்தான், மெஷின் அதிராமல் நிற்கும். லேத்துக்கு வரமான அதே குணம் பட்டறைக்கல்லுக்குச் சாபம். போதாக்குறைக்கு, செதில் இருக்கும் இடமெல்லாம் விரிசலுக்கு வழி. ஓரத்தில் ஓங்கி அடித்தால் பிஸ்கட் மாதிரி உடையும். அமெரிக்கக் கொல்லர்கள் இந்த வகைக்குக் கிண்டலாக வைத்திருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால், 'பட்டறைக்கல் வடிவத்தில் உள்ள ஒரு பொருள்'. அவ்வளவுதான் அதன் தகுதி.

பழைய ஆங்கிலேயக் கற்களின் கதையே வேறு. டட்லியில் பீட்டர் ரைட், ஷெஃபீல்டில் மவுஸ்ஹோல் என்று பேர்போன பட்டறைகள் இருந்தன. உடம்பு தேனிரும்பு, அடித்து உருவாக்கியது. அதன் தலையில் ஒரு உருக்குப் பலகையைக் காய்ச்சி அடித்து ஒட்டி, தண்ணீர் விட்டுக் கடினப்படுத்துவார்கள். உடம்பு உடையாது, முகம் நசுங்காது. ஸ்வீடனில் முழு உருக்கிலேயே வார்த்தார்கள், அதுவும் தரமானதுதான். இந்தியாவுக்கு இவை வந்த பெரிய வழிகளில் ஒன்று ரயில்வே. அஜ்மீர் ரயில்வே பணிமனையில்தான் 1895-இல் இந்தியாவில் கட்டிய முதல் ரயில் எஞ்சின், எஃப் 734, உருவானது. நம் பொன்மலையில் பணிமனை வந்தது 1928-இல். இப்படிப்பட்ட பணிமனைகளில் எல்லாம் தனியாகக் கொல்லுப்பட்டறைப் பிரிவே உண்டு. வேலை இயந்திரங்களுக்குப் போகப் போக, கற்கள் கழிவாகி வெளியே வருகின்றன.

இவற்றின் பக்கவாட்டில் மூன்று எண்கள் செதுக்கியிருக்கும். உதாரணத்துக்கு 1, 2, 10. ஒரு கடைக்காரர் என்னிடம் அது தயாரித்த வருஷம் என்றே சாதித்தார். 1210-ஆம் வருஷமாம், லாகூரில் குத்புதீன் ஐபக் காலமானது அந்த வருஷம்தான் :-) உண்மையில் அது எடைக் குறி. முதல் எண் ஹண்ட்ரட்வெயிட், ஒன்றுக்கு 112 பவுண்டு. இரண்டாவது அதில் கால் பங்கு, ஒன்றுக்கு 28 பவுண்டு. மூன்றாவது சில்லறைப் பவுண்டு. ஆக 112 + 56 + 10 = 178 பவுண்டு, ஏறத்தாழ 81 கிலோ. பழைய கல் தன் உடம்பிலேயே பில்லைச் சுமந்துகொண்டு வருகிறது. நமக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

இப்போது என் ஜாதிக்காரர்களின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

"பழசுக்கு வாரண்டி இல்லையே?" புதுசுக்கு மட்டும் இருக்கிறதா? நான் பார்த்த கொட்டேஷன்களில் எடை இருந்தது, விலை இருந்தது, வரி இருந்தது. எந்த உலோகம் என்று ஒரு வார்த்தை இல்லை, முகத்தின் கடினம் எவ்வளவு என்று இல்லை. ஜிஎஸ்டி அட்டவணையில் 8205 என்ற தலைப்பில் பட்டறைக்கல்லைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். வார்ப்பிரும்பானாலும் உருக்கானாலும் அதே 8205தான். பில் என்பது பணம் கைமாறியதற்குச் சாட்சி, பொருளின் தரத்துக்குச் சாட்சி இல்லை. இந்த வித்தியாசம் பி.காம். முதல் வருஷத்திலேயே தெரிந்திருக்க வேண்டும்.

"பழசை எப்படிச் சோதிப்பது? நாங்க இன்ஜினியரா?" வேண்டாம். பத்து ரூபாய் சமாசாரம். சைக்கிள் கடையிலோ மெக்கானிக் ஷெட்டிலோ ஒரு அங்குல பேரிங் குண்டு கிடைக்கும். ஸ்கேலை நிறுத்தி வைத்து, பத்து அங்குல உயரத்திலிருந்து கல்லின் முகத்தில் குண்டைப் போடுங்கள். ஏழு அங்குலத்துக்கு மேல் துள்ளினால் நல்ல கல். சாதாரண வார்ப்பிரும்பில் பாதி உயரம் கூட வராது. ஒரே இடத்தில் போட்டால் போதாது, முகம் முழுக்க ஏழெட்டு இடத்தில் போட வேண்டும். அடுத்து, சின்னச் சுத்தியலால் முகம் நெடுக லேசாகத் தட்டுங்கள். எங்காவது சத்தம் சட்டென்று மந்தமானால் உருக்குப் பலகை அந்த இடத்தில் விட்டிருக்கிறது என்று அர்த்தம். பிறகு ஒரு அரத்தை எடுத்து முகத்தின் ஓரத்தில் லேசாக இழுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் கெட்டி, கடித்தால் மெது. கடைசியாக ஸ்கேலை நெடுக்காக வைத்து, நடுவில் எவ்வளவு குழிந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் பத்து நிமிஷம். நகைக்கடன் கொடுக்க உரைகல்லும் அப்ரைசரும் வைத்திருக்கும் நாம், இரும்புக்கு மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொண்டு பில்லைத் தடவுகிறோம்?

"செகண்ட் ஹேண்டுக்குக் கணக்கு காட்ட முடியாது." முடியும். பழைய பொருள் வியாபாரிகளுக்கென்றே ஜிஎஸ்டி விதிகளில் 32(5) என்று ஒரு விதி இருக்கிறது. உள்ளீட்டு வரிச் சலுகை எடுக்காத பட்சத்தில், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி. சட்டமே பழைய பொருளைப் பொருளாக மதிக்கிறது, மதிக்காதது நம் மேஜைதான். பெரிய தொழிற்சாலைக்காரர் பழைய மெஷின் இறக்கினால் சார்ட்டர்டு இன்ஜினியர் சர்ட்டிஃபிகேட் வாங்கிக்கொண்டு கடன் கொடுக்கத்தானே செய்கிறோம்? அதே சர்ட்டிஃபிகேட்டைப் பட்டறைக்கல் வாங்குகிறவரிடம் கேட்டால், அந்த இன்ஜினியர் ஃபீஸிலேயே அவருடைய ஒரு மாத வருமானம் போய்விடும். சின்னவனுக்குப் பெரியவனின் சட்டையைப் போட்டுவிட்டு, பொருந்தவில்லை என்று அவனையே திட்டுவது இது.

இன்னொன்று. இது ஈடு இல்லாத கடன். நாளைக்குக் கட்டாவிட்டால் அந்தக் கல்லைத் தூக்கி வந்து கிளை வாசலில் வைத்து ஏலம் போடப் போகிறோமா என்ன? இல்லை. கடன் திரும்புவதற்கு நமக்கிருக்கும் ஒரே உத்தரவாதம் அந்த மனுஷனின் உழைப்பு. அந்த உழைப்பு நிற்பது இந்தக் கல்லின் மேல். பில்லைப் பாதுகாத்துவிட்டுக் கல்லைக் கோட்டை விடுவது என்ன பாங்கிங்?

கணக்குப் பிள்ளை என்பதால் கணக்கும் போட்டுவிடுகிறேன். ஒரு லட்சம் கடன், 5 சதவீதம், 18 மாதம் என்றால் மாதத் தவணை சுமார் 5,780 ரூபாய். இது கல் நன்றாக இருந்தாலும் வரும், உடைந்தாலும் வரும். இப்போது கல்லுக்கு வருவோம். பேச்சுக்கு, புது வார்ப்பிரும்புக் கல் 10,000 ரூபாய், பழைய உருக்கு முகக் கல் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுசு மூன்று வருஷம் தாங்கினால் வருஷத்துக்கு 3,300 ரூபாய்க்கு மேல், கடைசியில் மிஞ்சுவது காய்லான் கடை விலை. பழசு ஏற்கெனவே இரண்டு தலைமுறை அடி வாங்கியது, இன்னும் இருபது வருஷம் தாங்கினால் வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய். வேண்டாம் என்று விற்றாலும் போட்ட பணத்தில் பெரும்பகுதி திரும்பும். வருமான வரிச் சட்டப்படி இயந்திரத்துக்கு வருஷம் 15 சதவீதம் தேய்மானம். அந்தக் கணக்கில் பத்து வருஷத்தில் எந்தச் சாமானும் ஐந்தில் ஒரு பங்கு மதிப்புக்கு இறங்கிவிடும். நல்ல பட்டறைக்கல் அந்தச் சூத்திரத்தைப் படித்ததில்லை.

பணக் கணக்கைவிட எனக்கு முக்கியமாகப் படுவது தோள் கணக்கு. நல்ல கல்லில் ஓர் அரிவாளுக்கு நூறு அடி என்றால், செத்த கல்லில் நூற்றிருபது என்று குறைத்தே வையுங்கள். ஒரு நாளைக்கு இருபது அரிவாள். அதிகப்படி அடி மட்டும் நானூறு. சம்மட்டி இரண்டு கிலோ என்றால், ஒரு நாளைக்கு 800 கிலோவைக் கூடுதலாகத் தூக்கி இறக்குகிற வேலை. இடையில் இரும்பு ஆறிப்போகும், மறுபடி உலையில் வைக்கக் கரி வேண்டும். அந்தச் சம்மட்டியைத் தூக்குவது யார் என்று மேலே சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? அந்த அம்மாள். பல சமயம் கைக்குழந்தை பக்கத்துத் தூளியில் கிடக்கும். ஏசி அறையில் 'ஒன்லி நியூ அசெட்ஸ்' என்று ஒரு ரப்பர் ஸ்டாம்பைக் குத்தும்போது, அந்த 800 கிலோ அவர் தோளில் போய் இறங்குகிறது. நான் கோபப்படுவது இதற்காகத்தான்.

அடுத்து, பழசு கோஷ்டி. நீங்களும் வாருங்கள்.

பழைய கல் நல்லது என்று நான் சொன்னதை வைத்து, பழையது எல்லாமே நல்லது என்று யாரும் எழுதிவிட வேண்டாம். அந்தக் காலத்திலும் மட்டமான வார்ப்பிரும்புக் கல் இருந்தது. பழைய கல்லை 'ரெனியூ' பண்ணுகிறேன் என்று மெஷினில் கொடுத்து முகத்தைச் சீவி எடுப்பார்கள். மேலே இருக்கும் உருக்குப் பலகையே அரை அங்குலம் சுமாருக்குத்தான், அதில் பாதியைச் சீவிவிட்டால் மிச்சம் என்ன? நெருப்பில் வெந்த கல்லும் உண்டு. குடோன் தீப்பிடித்ததிலோ, வெல்டிங் செய்கிறேன் என்று காய்ச்சியதிலோ முகத்தின் கடினம் போய்விடும், பார்வைக்கு ஒன்றும் தெரியாது. பேரிங் குண்டுதான் காட்டிக்கொடுக்கும். துருவைக் காட்டி 'ஆன்டிக்' என்று ஏமாற்றுகிறவர்கள், பச்சைப் பெயிண்டைக் காட்டி ஏமாற்றுகிறவர்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை.

இதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல், வேலை செய்யும் கல்லை வாங்கி வரவேற்பறையில் வைப்பவர்கள். அமெரிக்காவில் 2015-இல் 'ஃபோர்ஜ்ட் இன் ஃபயர்' என்ற டிவி போட்டி ஆரம்பித்த பிறகு அங்கே பொழுதுபோக்குக்குக் கத்தி அடிப்பவர்கள் கூடிவிட்டார்கள், பழைய கற்களின் விலை ஏறியதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். அவர்களாவது அதில் அடிக்கிறார்கள். நம் ஊர்ப் பெரிய நகரங்களில் காபிக் கடை வாசலிலும் ரிசார்ட் புல்வெளியிலும் பூந்தொட்டிக்கு முட்டுக்கொடுத்துக் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். அலங்காரத்துக்குக் கிடைக்கும் விலையோடு தொழிலாளியால் போட்டி போட முடியாது. அவருக்கு நாம் சாங்ஷன் பண்ணுவது பச்சைப் பெயிண்ட், நாம் போய் செல்ஃபி எடுத்துக்கொள்வது பீட்டர் ரைட்டோடு. நன்றாக இருக்கிறது நியாயம்.

"அப்போ புதுசே வாங்கக் கூடாதா?" நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஜெர்மனியில் இன்றும் அடித்து உருவாக்கிய உருக்குக் கற்கள் செய்கிறார்கள், உலகத் தரம், விலையும் அதற்கேற்ப. உருக்கு வார்ப்பிலும், கிராஃபைட் செதிலாக இல்லாமல் உருண்டையாகப் படியும் வகை வார்ப்பிரும்பிலும், முகத்தை முறையாகக் கடினப்படுத்திய புதுக் கற்கள் வருகின்றன. ஜலந்தரிலும் லூதியானாவிலும் உலகத்துக்கே கைக்கருவி செய்து அனுப்பும் நாடு இது, நல்ல பட்டறைக்கல் செய்ய நமக்குத் தெரியாதா? தெரியும். கேட்பவன் கேட்டால் செய்வான். 'எடை இவ்வளவு, விலை இவ்வளவு' என்பதோடு கடன் கொடுப்பவன் திருப்தியடைந்துவிட்டால், செய்பவன் எதற்கு மெனக்கெட வேண்டும்? மட்டமான சரக்குக்குச் சந்தை பிடித்துக் கொடுப்பது நம் கையெழுத்துதான்.

"திருட்டுச் சரக்காக இருந்தால்?" இது மட்டும் நியாயமான கேள்வி. முக்கியமாகத் தண்டவாளத் துண்டு. நல்ல உருக்கு, நிறையப் பட்டறைகளில் கல்லுக்குப் பதில் அதுதான் இருக்கிறது. ஆனால் கையில் காகிதம் இல்லாமல் வைத்திருந்தால் 1966-ஆம் வருஷத்து ரயில்வே சொத்துச் சட்டத்தில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. ரயில்வேயே கழிவு இரும்பை மின் ஏலத்தில் விற்கிறது, ஏலத்தில் எடுத்தவரிடமிருந்து அந்த ரசீதின் நகலோடு வாங்கினால் பிரச்சினை இல்லை. விற்பவரின் அடையாள அட்டை நகல், கல்லின் போட்டோ, எடைச் சீட்டு, ஒரு வெள்ளைத்தாளில் விற்றதற்கு எழுத்து, பணம் நேராக விற்பவர் கணக்குக்கு. இவ்வளவும் இருந்தால் எந்த ஆடிட்டருக்கும் நான் பதில் சொல்வேன்.

என் கோரிக்கை மூன்றே மூன்று. ஒன்று, கைத்தொழில் கடனில் பழைய கருவிக்கும் இடம் கொடுங்கள். ஒரு குறிப்பிட்ட தொகை வரை இன்ஜினியர் சர்ட்டிஃபிகேட் கேட்காமல், கிளை அதிகாரி முன்னால் இந்தக் குண்டுச் சோதனையைச் செய்து அதை ஃபைலில் எழுதினால் போதும் என்று வையுங்கள். இரண்டு, புதுக் கல்லுக்குக் கொட்டேஷன் வாங்கும்போது உலோகத்தின் வகையும் முகத்தின் ராக்வெல் கடின எண்ணும் எழுதித்தரச் சொல்லுங்கள். நல்ல கல்லுக்கு 50-க்கு மேல் இருக்கும். எழுதித்தர மறுக்கும் கடைக்குச் செக் போகக் கூடாது. மூன்று, எந்தக் கல் வேண்டும் என்று அந்தத் தொழிலாளியைக் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் சொல்வதைக் காதில் வாங்குங்கள்.

கடைசியாக நமக்கு. ஆமாம், பாங்க்கும் பட்டறையும் இல்லாத, புனேயிலும் டெல்லியிலும் அகமதாபாத்திலும் அபார்ட்மெண்டில் இருக்கிற நமக்கு. பழகின தோசைக்கல்லை ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்த ஜனங்கள் நாம். புது நான்ஸ்டிக் பெட்டியோடு வந்தாலும் அம்மாவின் கல்லில்தான் முறுகல் வரும் என்று நமக்கு யாரும் சர்ட்டிஃபிகேட் கொடுக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட நாம்தான், ஊரில் அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு வீட்டைக் காலி பண்ணும்போது, நாலு நாள் லீவில் போய், பழைய இரும்புக் கடைக்காரனைக் கூப்பிட்டு, மொத்தமாகக் கிலோ கணக்கில் தள்ளிவிட்டு வருகிறோம். அந்தக் குவியலில் தாத்தாவின் பட்டறைக்கல் இருக்கலாம், பெரியப்பா ரயில்வேயில் இருந்தபோது ஏலத்தில் எடுத்ததாக இருக்கலாம், மாட்டுத் தொழுவத்தில் கதவுக்கு அண்டை கொடுத்த ஏதோ ஓர் இரும்புக் கட்டியாகவும் இருக்கலாம். லாரியில் ஏறிவிட்டால் அது உலைக்குப் போய்க் கம்பியாக உருகிவிடும். அப்புறம் அந்த மாதிரி ஒன்றைச் செய்து தர ஆள் இல்லை.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது பெட்டியில் ஒரு பேரிங் குண்டு போட்டுக்கொள்ளுங்கள். தொழுவத்திலும் பரண் அடியிலும் பாருங்கள். குண்டு துள்ளினால், இரும்புக் கடைக்காரன் என்ன விலை சொன்னாலும் கொடுக்காதீர்கள். உங்கள் தாலுகாவில் இன்னும் உலை மூட்டுகிற ஆசாரி ஒருவராவது இருப்பார். அவரிடம் போய், அதே கிலோ விலைக்கு, முடிந்தால் சும்மாவே, கொடுத்துவிட்டு வாருங்கள். பில் கேட்க மாட்டார்.